நான் கம்பி நீட்டிய கதை!

மொட்டை மாடியில் ஒரு கம்பி கட்டியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? துணி காயப்போடலாம் என்று தோன்றினால் நீங்கள் நல்ல குடும்பஸ்தர். கேபிள்காரன் விட்டுவிட்டுப் போன மிச்சம் என்று தோன்றினால் நீங்கள் அனுபவப்பட்ட ஃப்ளாட்வாசி. 'இது எத்தனை மெகாஹெர்ட்ஸில் பேசும்?' என்று தோன்றினால், ஸாரி, நீங்களும் எங்கள் கட்சி.

எங்களை 'ஹாம்' என்பார்கள். பன்றிக்கறிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்த டிரான்ஸ்மிட்டரில் முன்பின் தெரியாத ஆசாமிகளோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரர்கள். இதில் பைசா சம்பாதிக்கக் கூடாது என்பது சட்டம். (சம்பாதிக்கவும் முடியாது என்பது அனுபவம்.) ராஜீவ் காந்திகூட ஹாம்தான். வி.யு.2.ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக்குறி. என்னுடைய குறியை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் செயலாளர் இந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பவர்.

"வாட்ஸப் இருக்கும்போது இது எதுக்கு சார்?" என்று கேட்காத ஆளில்லை. ஹோட்டல் இருக்கும்போது வீட்டில் ஏன் சமைக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதிலும் எனக்குக் கடையில் வாங்கிய ரேடியோ பிடிக்காது. நானே சால்டரிங் இரும்பைப் பிடித்து உருவாக்கியதுதான் வேண்டும். இதற்கு ஹாம் பாஷையில் 'ஹோம்ப்ரூ' என்று பெயர். வீட்டில் காய்ச்சியது என்று நேர் அர்த்தம். தயவுசெய்து மதுவிலக்குப் போலீஸுக்கு போன் செய்ய வேண்டாம்.

இந்த வீட்டுச் சமையலுக்கு இந்தியாவில் பெரிய சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான். 2000-களின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்று ஒரு டிரான்ஸீவரை வடிவமைத்து, சர்க்யூட்டை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று உலகத்துக்கே தூக்கிக் கொடுத்துவிட்டார். நம்மூர் ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கிற மாதிரியான சாதாரண சாமான்களை வைத்தே செய்யலாம். 2017-ல் வந்த 'மைக்ரோபிட்எக்ஸ்' எல்லா ஷார்ட்வேவ் ஹாம் பாண்டுகளையும் எட்டிப்பிடிக்கும். சக்தி சுமார் 10 வாட். உங்கள் வீட்டு பாத்ரூம் எல்.இ.டி. பல்பு அளவு. அதை வைத்துக்கொண்டு இங்கிருந்து பெங்களூர், கொழும்பு, அதிர்ஷ்டம் இருந்தால் ஐரோப்பாவரை பேசலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்த 10 வாட் முழுசாகக் கம்பிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பம்.

போன சரக்கும் திரும்பிய சரக்கும்

நான் பி.காம். ஓம் விதி தெரிவதற்கு முன்பே டெபிட், கிரெடிட் தெரிந்தவன். அதனால் எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

டிரான்ஸ்மிட்டர் ஒரு ஃபாக்டரி. ஆன்டெனா கம்பி ஒரு வாடிக்கையாளர். நடுவில் உள்ள கோஆக்ஸியல் கேபிள்தான் லாரி. ஃபாக்டரி 50 ஓம் என்ற ஒரே சைஸில்தான் சரக்கு தயாரிக்கும். வாடிக்கையாளரும் 50 ஓம் சைஸாக இருந்தால் அனுப்பியது அத்தனையும் விற்றுத் தீரும். இல்லாவிட்டால் ஒரு பகுதி 'சேல்ஸ் ரிட்டர்ன்' ஆகி அதே லாரியில் திரும்பி வரும்.

எவ்வளவு திரும்புகிறது என்று சொல்லும் கணக்குதான் எஸ்.டபிள்யூ.ஆர். ஸ்டாண்டிங் வேவ் ரேஷியோ. அது 1 என்றால் ரிட்டர்னே இல்லை. 1.5 என்றால் 100 ரூபாய் சரக்கில் 4 ரூபாய் திரும்பும். 2 என்றால் 11 ரூபாய். 3 என்றால் 25 ரூபாய். 5 என்றால் 44 ரூபாய்! எந்த முதலாளிக்குத் தாங்கும்?

முதலாளியைவிட முதலில் தாங்காமல் போகிறவர் ஃபாக்டரி வாசலில் நிற்கும் கூலிக்காரர். மைக்ரோபிட்எக்ஸில் அவர் பெயர் ஐ.ஆர்.எஃப்.510. கடைசிக் கட்டத்தில் சக்தியைப் பெருக்கி வெளியே தள்ளும் மாஸ்ஃபெட் டிரான்ஸிஸ்டர். விலை சில பத்து ரூபாய்தான். பொருத்தமில்லாத கம்பியை மாட்டினால் அவர் தலையில் வோல்டேஜ் எகிறும், உடம்பு கொதிக்கும், ஒரு 'டிக்' சத்தத்தோடு சிவலோகப் பதவி அடைவார். கம்பெனி ரேடியோக்களில் எஸ்.டபிள்யூ.ஆர். எகிறினால் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் காவல் ஏற்பாடு உண்டு. வீட்டுத் தயாரிப்பில் அதையும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

சரி, கம்பியை 50 ஓம் ஆக்கிவிட்டால் போயிற்று என்பீர்கள். அங்கேதான் இயற்கை சிரிக்கிறது. ஒரு கம்பி எத்தனை ஓம் காட்டும் என்பது அதன் நீளம், உயரம், பக்கத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி, அலைவரிசை எல்லாவற்றையும் பொறுத்தது. 7 மெகாஹெர்ட்ஸில் சாதுவாக இருக்கும் கம்பி 14-ல் சண்டிக்குதிரை ஆகிவிடும். ஒவ்வொரு பாண்டுக்கும் தனித்தனியாக ஒரு கம்பி கட்ட சொந்தமாக ஒரு தென்னந்தோப்பு வேண்டும். எனக்கு வாய்த்தது 45 அடி நீள மொட்டை மாடி. அதிலும் பாதி, அப்பளம் காயவைக்கும் உரிமை பெற்றவர்களுக்குச் சொந்தம்.

கல்யாணத் தரகர்

இந்த இடத்தில் உள்ளே நுழைகிறவர்தான் ஆன்டெனா ட்யூனர். பெயரைக் கேட்டு அது ஆன்டெனாவை ட்யூன் செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். கம்பியை அது தொடுவதே இல்லை. அது ஒரு கல்யாணத் தரகர். மாப்பிள்ளை வீட்டார் 50 ஓம் கேட்கிறார்கள். பெண்ணோ 15 ஓம், கூடவே நாலு பேருக்குத் தெரிந்த முன்கோபம். தரகர் நடுவில் ஒரு காயிலையும் ஒரு கெப்பாசிட்டரையும் வைத்துக் கோபத்தைச் சமன் செய்து, 15-ஐ 50 மாதிரி காட்டிவிடுவார். கல்யாணம் நடந்துவிடும். பெண்ணின் சுபாவம் மாறியிருக்காது. ஆனால் இரண்டு வீட்டாருக்கும் திருப்தி.

பழைய காலத் தரகர்களுக்கு மூன்று குமிழ்கள் இருக்கும். ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று கெடும். பாங்க் லாக்கரைத் திறக்கப் பார்க்கும் திருடன் மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு திருப்ப வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் போடுவதற்காக பெல் லேபரட்டரியைச் சேர்ந்த ஃபிலிப் ஸ்மித் என்பவர் 1939-ல் ஒரு வட்ட வரைபடத்தையே வெளியிட்டார். ஸ்மித் சார்ட். பார்த்தால் ஜாதகக் கட்டத்தைச் சிலந்தி பின்னியது போல் இருக்கும். எஞ்சினீயரிங் மாணவர்கள் இன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் கண்ணீர் விடுகிறார்கள்.

தானியங்கி ட்யூனர் இந்தக் கண்ணீரைத் துடைக்கிறது. ஒரு பட்டனைத் தட்டினால் 'கடகடகட' என்று ரிலேக்களின் சத்தம். தட்டச்சுப் பள்ளியில் பரீட்சை நடப்பது போல. சில விநாடிகளில் அமைதி. சின்னத் திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 என்று தெரியும். முடிந்தது கல்யாணம்.

டப்பாவுக்குள் 32,768

உள்ளே என்ன நடக்கிறது? நான் பயன்படுத்துவது 'ஏ.டி.யூ.-100' என்று ஹாம்களிடையே பிரபலமான திறந்த வடிவமைப்பு. சர்க்யூட்டும் புரோகிராமும் பொதுவில் உள்ளன. கிட்டாகவும் கிடைக்கிறது. காயிலை நாமே வளையத்தில் சுற்றிக்கொள்ளலாம்.

மளிகைக் கடைத் தராசும் எடைக்கற்களும் ஞாபகம் இருக்கிறதா? 50 கிராம், 100, 200, 500 என்று நாலைந்து கல்லை வைத்துக்கொண்டே அண்ணாச்சி எந்த எடையையும் நிறுத்துவிடுவார். அதே சூட்சுமம்தான் இங்கே. ஏழு காயில்கள். ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் சுமார் இரண்டு மடங்கு. அதேபோல் ஏழு கெப்பாசிட்டர்கள். ஒவ்வொன்றையும் சேர்க்கவோ விலக்கவோ ஒரு ரிலே. ஏழு கல்லை வைத்து 128 விதமாக நிறுக்கலாம். ஆக, காயிலில் 128, கெப்பாசிட்டரில் 128. கெப்பாசிட்டரை டிரான்ஸ்மிட்டர் பக்கம் வைப்பதா, ஆன்டெனா பக்கம் வைப்பதா என்பதற்கு இன்னொரு ரிலே. பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 32,768 சேர்க்கைகள்!

ஒரு சேர்க்கைக்கு நூறில் ஒரு பங்கு விநாடி என்று வைத்தால்கூட எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஐந்தரை நிமிஷம் ஆகும். அதற்குள் ஐ.ஆர்.எஃப்.510 சஞ்சயனம் முடிந்துவிடும். எனவே உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. முதலில் பெரிய பெரிய அடியாகக் காயிலை மாற்றிப் பார்க்கும். எங்கே ரிட்டர்ன் குறைகிறதோ அங்கே நிற்கும். பிறகு கெப்பாசிட்டர். பிறகு இரண்டையும் நூலிழை அளவு முன்னே பின்னே. குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி. கை நிறையப் போட்டு ஆரம்பித்து, கடைசியில் சிட்டிகையில் முடியும்.

ரிட்டர்ன் குறைகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? வாசலில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. ஃபெரைட் வளையத்தில் சுற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள், போகிற அலையையும் வருகிற அலையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். டயோடுகள் அவற்றை வோல்டேஜாக மாற்றும். மைக்ரோகன்ட்ரோலர் கணக்குப் பார்க்கும். நம்மூர் சுங்கச்சாவடியைவிட வேகமாக வேலை செய்கிறது.

வீட்டுச் சமையலின் பக்குவம்

கம்பெனி ரேடியோவும் கம்பெனி ட்யூனரும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். ஒரு பட்டனில் எல்லாம் நடக்கும். வீட்டுத் தயாரிப்பில் சில பக்குவங்கள் உண்டு.

ஒன்று: ட்யூனர் வேலை செய்ய விடாத ஒரு சீரான அலை வேண்டும். நாங்கள் பேசுகிற எஸ்.எஸ்.பி. முறையில் வாயைத் திறந்தால்தான் சக்தி வெளியே போகும். 'ஹலோ ஹலோ' என்று சொல்லிக்கொண்டு ட்யூன் செய்தால் 'ஹ'வுக்கு ஒரு அளவு, 'லோ'வுக்கு ஒரு அளவு. ட்யூனருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மோர்ஸ் முறைக்கு மாற்றி, சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டனைத் தட்ட வேண்டும்.

இரண்டு: அதற்கு முன் அலைவரிசையில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். கேட்காமல் சாவியை அழுத்துவது அடுத்தவர் கச்சேரி மேடையில் ஏறித் தம்பூரா சுருதி சேர்ப்பது போல. தமிழ், தெலுங்கு, இந்தி, மூன்று பாஷையிலும் அர்ச்சனை கிடைக்கும்.

மூன்று: டிரான்ஸ்மிட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸ் அனுப்பும்போது கூடவே 14, 21 என்று பேரன் பேத்திகளும் கிளம்பும். இவைதான் ஹார்மோனிக்குகள். லோபாஸ் ஃபில்டர் சரியில்லையென்றால் அவை ட்யூனரின் செக்போஸ்டுக்கு வந்துவிடும். செக்போஸ்ட் குருட்டு ஆசாமி, எது 7, எது 14 என்று பார்க்காது. பேரன் செய்த ரிட்டர்னைத் தாத்தா தலையில் எழுதிவிடும். 'என்ன செய்தாலும் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்க மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்கள் ட்யூனரைத் திட்டுவதற்கு முன் ஃபில்டரைப் பார்க்கலாம்.

நான்கு: திரையில் 1.0 என்று வந்தால் உடனே லட்டு விநியோகம் செய்ய வேண்டாம். உலகத்திலேயே சிறந்த எஸ்.டபிள்யூ.ஆர். உள்ள பொருள் எது தெரியுமா? 'டம்மி லோட்'. சோதனைக்காக வைத்திருக்கும் 50 ஓம் ரெஸிஸ்டர். எல்லாச் சக்தியையும் வாங்கி வெந்நீர் போடுமே தவிர, பக்கத்துத் தெருவுக்குக்கூட சத்தம் போகாது. ரிட்டர்ன் இல்லை என்பதால் வாடிக்கையாளர் சரக்கை உபயோகித்தார் என்று அர்த்தமில்லை. கிணற்றில் கொட்டியிருக்கலாம்.

ஐந்து, இதுதான் முக்கியம்: ட்யூனரை எங்கே வைப்பது? மேஜையில், ரேடியோ பக்கத்தில் வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் திரும்பவும் லாரிக் கணக்கைப் பாருங்கள். மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் ட்யூனர், திரும்பி வந்த சரக்கை மறுபடி அதே லாரியில் ஏற்றி அனுப்பும் மானேஜர். ஃபாக்டரிக்கு ரிட்டர்ன் தெரியாது, சந்தோஷம். ஆனால் லாரி போகும்போதும் வரும்போதும் சரக்கு உடைகிறது. சாதாரண ஆர்.ஜி.58 கேபிளில் 7 மெகாஹெர்ட்ஸில் 100 அடிக்குச் சுமார் 1 டெசிபெல் சேதாரம். அதாவது ஒரு நடைக்கே ஐந்தில் ஒரு பங்கு காலி. சரக்கு நாலு நடை போய் வந்தால் என்ன மிஞ்சும்? அதனால் ட்யூனரை வாடிக்கையாளர் வாசலிலேயே, கம்பி ஆரம்பிக்கும் இடத்திலேயே வைப்பதுதான் உத்தமம். லாரி ஒரு நடையோடு பிழைத்துக்கொள்ளும்.

என் ட்யூனர் மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் குடியிருக்கிறது. அந்த டப்பா எங்கள் சமையலறையிலிருந்து காணாமல் போனதாக வீட்டில் ஒரு புகார் நிலுவையில் உள்ளது. விசாரணை நடக்கிறது.

41 அடி ரகசியம்

7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை நீளம் சுமார் 66 அடி. அதை நடுவில் வெட்டி, நடுவிலிருந்து கேபிள் கொடுத்தால் அதுதான் புகழ்பெற்ற டைபோல். ட்யூனரே வேண்டாம், அவ்வளவு சமர்த்து. ஆனால் அதே 66 அடியை நடுவில் வெட்டாமல் ஒரு முனையிலிருந்து ஊட்டினால்? ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். எந்தத் தரகரும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

ஆகவே ஒரு முனையில் ஊட்டும் கம்பிக்கு எந்தப் பாண்டின் அரை அலைக்கும், அதன் மடங்குகளுக்கும் பிடிபடாத நீளம் வேண்டும். ஹாம்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கும் நீளங்கள் 41 அடி, 58, 71, 84 என்று போகும். எல்லாப் பாண்டிலும் சுமாராகக் கோபப்படும், எதிலும் வெறி பிடிக்காது. 45 அடி மாடிக்கு 41 கன கச்சிதம். அடியில் 9-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர். கூடவே தரையோடு தரையாக இன்னொரு வயர். கரண்ட் போக ஒரு வழி இருந்தால் திரும்ப ஒரு வழி வேண்டுமல்லவா? அதைக் கொடுக்காவிட்டால் கேபிளின் வெளித்தோலையே வழியாக்கிக்கொண்டு மேஜைவரை வந்து மைக்கில் உதட்டைச் சுடும். கேபிளை நாலைந்து சுற்று ஃபெரைட் வளையத்தில் சுற்றிவிட்டால் இது அடங்கும்.

அசோசியேஷன் கடிதமும் ஒரு புயலும்

2023 நவம்பரில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'மொட்டை மாடியில் தாங்கள் கட்டியுள்ள கம்பி கட்டடத்தின் அழகைக் கெடுப்பதாலும், இடி விழும் அபாயம் இருப்பதாகச் சில உறுப்பினர்கள் கருதுவதாலும், டிசம்பர் 31-க்குள் அகற்றவும்.' கையெழுத்து, செயலாளர். ரிட்டயர்டு அரசு அதிகாரி. கோப்பில் எழுதியது எழுதியதுதான். கம்பி போனால் ட்யூனர் வெறும் டப்பா, ரேடியோ பேப்பர் வெயிட். எனக்கு இரண்டு வாரம் தூக்கமில்லை.

டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல். சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் போயிற்று. கடைசியில் செல்போன் சிக்னலும் போயிற்று. கையில் ஆளுக்கு ஒரு கண்ணாடிப் பலகை, அதில் நேரம் மட்டும் தெரிந்தது.

5-ஆம் தேதி காலை மழை விட்டிருந்தது. செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வாசலில் நின்றார். இரண்டு நாள் தாடி.

"தம்பி, பொண்ணு பெங்களூர்ல இருக்கா. தலைப்பிரசவம். தேதி இந்த வாரம்தான். ரெண்டு நாளா ஒரு தகவலும் இல்லை. அவளும் நம்மளைப் பத்தி டி.வி.யில பாத்துட்டு என்ன பாடு படறாளோ. உங்க... அந்தக் கம்பி... அதுல ஏதாவது முடியுமா?"

மாடிக்குப் போனோம். கம்பி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. 41 அடியில் சுமார் 25 அடிதான் மிச்சம். அதுவும் ஒரு கொடிக்கம்பத்தில் சிக்கிச் சாய்வாக. முகம் தொங்கிப்போய்விட்டது அவருக்கு. "போச்சா?"

போகவில்லை. 25 அடி என்பது 7 மெகாஹெர்ட்ஸுக்கு ரொம்பக் குட்டை. ஓம் குறைவு, கெப்பாசிட்டன்ஸ் கோபம் அதிகம். 9-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் இன்னும் குறைத்துவிடும். அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை நேரே ட்யூனரில் மாட்டினேன். ஸ்கூட்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு அறைக்கே ரேடியோவைக் கொண்டு போனேன். சாவியை அழுத்திப் பட்டனைத் தட்டினேன். கடகடகடகட... நின்றது. மறுபடி கடகட. செயலாளர் மூச்சுவிடவில்லை. திரையில் 1.4.

அரை அலைக் கம்பி அளவுக்குச் சக்தி போகாது. காயில் சூட்டிலேயே கொஞ்சம் போய்விடும். ஆனால் பெங்களூர் 300 கிலோமீட்டருக்குள். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர் மேலே போய், அயனி மண்டலத்தில் முட்டி, குடை மாதிரி சுற்றுவட்டாரத்தில் இறங்கும். தாழ்வான கம்பிக்குத் தோதான தூரம்.

அழைத்தேன். ஒரு தடவை. இரண்டு. ஐந்தாவது தடவை, கடல் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல். பெங்களூர்க்காரர். தமிழ் கலந்த கன்னடம், கன்னடம் கலந்த இங்கிலீஷ். எண்ணை ஒவ்வொரு இலக்கமாக இரண்டு முறை சொன்னேன். "ஸ்டாண்ட் பை" என்றார்.

எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷம் செயலாளர் தண்ணீர்த் தொட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அறுபத்தேழு வயது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குரல் வந்தது. "பேசிட்டேன் ஓஎம். அம்மாவும் நல்லா இருக்காங்க, குழந்தை இன்னும் பிறக்கலை. அப்பாவை பிரஷர் மாத்திரை மறக்காம போட்டுக்கச் சொன்னாங்க. ஓவர்."

செயலாளர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காலையிலேர்ந்து போடலை" என்றார். அவ்வளவுதான். கீழே இறங்கிப் போய்விட்டார். அன்று மத்தியானம்வரை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துண்டுச்சீட்டுகள் வந்தன. பேட்டரி தீரும்வரை பதினொன்று போயிற்று.

டிசம்பர் 31 வந்தது. போயிற்று. கடிதம் ரத்து செய்யப்படவில்லை. கோப்பில் எழுதியது எழுதியதுதான். ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவுமில்லை. ஜனவரியில் மட்டும் ஒரு நாள் லிஃப்டில் செயலாளர் சொன்னார்: "கொஞ்சம் மெல்லிசு கம்பியா போட்டீங்கன்னா கண்ணுக்குத் தெரியாது." அரசு பாஷையில் இதற்கு 'ஆட்சேபனை இல்லை' என்று அர்த்தம்.

இது ஏதோ எங்கள் தெருவில் மட்டும் நடந்த அதிசயமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது ஹாம் குழுவோடு போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத், அந்தமானிலிருந்து தகவல்களை வெளியே அனுப்பிய கதை உலகம் முழுக்க ஹாம்களுக்குத் தெரியும். 2015 சென்னை வெள்ளத்திலும் ஹாம்கள் உழைத்தார்கள். டவர் விழுந்தாலும் வானம் விழுவதில்லை. அதில் முட்டி வருவதற்கு ஒரு துண்டுக் கம்பியும், அதைச் சமாதானப்படுத்த ஒரு தரகரும் இருந்தால் போதும்.

நீங்களும் கம்பி நீட்டலாம்

ஆசை வந்துவிட்டதா? முதலில் லைசென்ஸ். அது இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை இயக்குவது குற்றம். 12 வயது முடிந்த இந்தியக் குடிமகன் யாரும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் பரீட்சையை எழுதலாம். 'சரல் சஞ்சார்' இணையதளத்தில் விண்ணப்பம். கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் விதிமுறைகள். மோர்ஸும் தேறினால் பொது நிலை, இல்லாவிட்டால் கட்டுப்பாட்டு நிலை. பி.காம். படித்தவனே பாஸ் செய்திருக்கிறேன். மோர்ஸ் பயிற்சி ஆபீஸ் மேஜையில் பேனாவால் தட்டித் தட்டியே வந்தது. மேனேஜர் எனக்கு நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து அரை நாள் லீவு கொடுத்தார்.

இரண்டாவது, ரேடியோவும் ட்யூனரும். ஒரு நடுத்தர செல்போன் விலைக்குள் இரண்டும் அடங்கிவிடும். ட்யூனர் ரிலேக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இழுத்துப் பிடித்தால் சில நூறு மில்லி ஆம்பியர் குடிக்கும். பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் கணக்கில் வைக்கவும். சில மலிவுத் திரைகள் ரிஸீவரில் 'கொர்ர்' என்று சத்தம் போடும். ட்யூன் ஆனதும் திரையை அணைத்துவிட்டால் நிம்மதி.

மூன்றாவது, இடி மின்னல் சமயத்தில் கம்பியை ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள். இதில் மட்டும் அசோசியேஷன் சொல்வது நியாயம்.

நான்காவது, வீட்டில் ஒரு புது பிளாஸ்டிக் டப்பா வாங்கி வைத்துவிட்டுப் பழையதை எடுங்கள்.

ஹாம்கள் பேச்சை முடிக்கும்போது '73' என்பார்கள். தந்தி காலத்திலிருந்து வருகிற சங்கேதம். 'அன்பான வணக்கங்கள்' என்று அர்த்தம். '88' என்றும் ஒன்று இருக்கிறது. அதற்கு முத்தம் என்று பொருள். அவசரத்தில் எண்ணை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பது பாதி தேசம்.

73!